கம்பளிமேல் நின்ற பாலங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் பகுதியில், வேட்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர். கேமல் ஆறு கடலை நெருங்கும் இடம் என்பதால் அங்கே அகன்று கிடக்கும். பாலம் வருவதற்கு முன் ஊரின் பெயர் வெறும் வேட்தான். நீர் வற்றும் நேரம் பார்த்து ஆற்றில் இறங்கி நடந்துதான் கடக்க வேண்டும். இரு கரையிலும் ஒவ்வொரு சிற்றாலயம் இருந்தது. இறங்குவதற்கு முன் இக்கரையில் ஒரு ஜெபம். உயிரோடு ஏறிவிட்டால் அக்கரையில் ஒரு நன்றி. எக்லோஸ்ஹேல் பங்கின் பாதிரியார் தாமஸ் லவிபாண்ட், ஆற்றோடு போனவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் பணம் திரட்டத் தொடங்கினார். 1468இல் கல்பாலம் எழுந்து நின்றது.

ஊர் சொல்லும் கதை இன்னும் சுவையானது. ஆற்று மணல் கல்லை விழுங்கிக்கொண்டே இருந்ததாம். தூண் வைத்த இடமெல்லாம் புதைந்ததாம். கடைசியில் பாதிரியார் கம்பளி மூட்டைகளைக் கொண்டுவந்து அடியில் இறக்கி, அவற்றின்மேல் தூண் எழுப்பினாராம். 'கம்பளிமேல் பாலம்' என்ற பட்டப்பெயர் இன்றைக்கும் அதற்கு உண்டு. இதே கதையை டெவன் பகுதியின் பைடஃபர்ட் ஊரும் தன் பாலத்துக்குச் சொல்கிறது. லண்டனின் பழைய பாலத்துக்கும் இதுவே கதை. மூன்று ஆறுகள், மூன்று விதமான படுகைகள், ஒரே கம்பளி மூட்டை. அப்படியானால் கதை படுகையைப் பற்றியதாக இருக்க முடியாது. இடைக்கால இங்கிலாந்தில் காசு என்றால் கம்பளி. கம்பளிமீது விதித்த வரியும் கம்பளி வணிகர்கள் கொடுத்த கொடையும் பாலங்களாக எழுந்ததையே இக்கதை சொல்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அஸ்திவாரத்தைப் பற்றி ஊர் சொன்னது தவறு. செலவைப் பற்றிச் சொன்னது சரி.

பிரிட்டிஷ் ஊர்களின் பழைய பாலங்களைப் பற்றிய வாய்மொழிக் கதைகளை ஆவணங்களோடு சேர்த்துப் படித்தால் இது திரும்பத் திரும்பத் தட்டுப்படும். எந்த ஆண்டு கட்டினார்கள், எப்படிக் கட்டினார்கள் என்பதிலெல்லாம் கதைகள் தாராளமாகத் தடுமாறும். யார் காசு போட்டார்கள், யார் நழுவினார்கள், கட்டிய பிறகு யார் கவனித்துக்கொண்டார்கள் என்பதில் மட்டும் பிடிவாதமாக நிற்கும். பாலத்தைப் பற்றிய ஊர்நினைவு பெரும்பாலும் ஒரு கடன் கணக்கு என்பதே என் வாதம்.

பைடஃபர்ட் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். டாரிட்ஜ் ஆற்றின் குறுக்கே 677 அடி நீளத்துக்கு 24 வளைவுகள். கரையில் நின்று பார்த்தால் கண்ணை உறுத்துகிற விஷயம், வளைவுகளின் அகலம் ஒன்றுபோல இல்லை என்பது. ஒன்று அகலம், அடுத்தது குறுகல், அதற்கடுத்தது நடுத்தரம். கொத்தனாருக்குக் கணக்கு வராமல் போயிற்றோ என்று தோன்றும். ஊரார் சொல்லும் காரணம் வேறு: சுற்றுவட்டாரத்துப் பங்குகள் ஒவ்வொன்றும் ஒரு வளைவுக்குப் பணம் கொடுத்தன, பணக்காரப் பங்கு கொடுத்த வளைவு பெரிது, ஏழைப் பங்கின் வளைவு சிறிது. பொறியியல் அறிந்தவர்கள் இதை ஏற்பதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மரப்பாலம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அதைச் சுற்றியே கல்பாலத்தை எழுப்பினார்கள். மரப்பாலத்தில் உத்தரம் கிடைத்த நீளத்துக்குத் தகுந்தபடி தூண்களின் இடைவெளி இருந்தது. கல்லும் அந்த இடைவெளியையே பின்பற்றியது. வளைவின் அகலத்தைத் தீர்மானித்தது ஓக் மரத்தின் நீளம்; கொடையாளியின் பணப்பை அல்ல.

இருந்தாலும் ஊர்க்கதையைக் கைவிட எனக்கு மனமில்லை. காரணம், பைடஃபர்ட் பாலம் உண்மையிலேயே பல கைகள் கொடுத்த காசில் நின்ற பாலம். எக்சிட்டர் பிஷப்புகள், பாலத்துக்குக் கொடை கொடுப்பவர்களுக்குப் பாவத் தண்டனையில் இத்தனை நாள் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். சாகும்போது பாலத்தின் பெயருக்கு நிலமும் வீடும் எழுதிவைத்தார்கள் ஊரார். அந்தச் சொத்தைக் கவனிக்க அறங்காவலர்கள்; வாடகை வசூல், பழுதுபார்ப்பு, மிஞ்சினால் பள்ளிக்கூடம், ஏழைகளுக்கு உதவி. மிஞ்சியதில் அறங்காவலர்கள் விருந்தும் வைத்துக்கொண்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சார்லஸ் கிங்ஸ்லி 1855இல் வெளியிட்ட 'வெஸ்ட்வர்ட் ஹோ!' நாவலில், தானதர்மம் செய்வதோடு ஊருக்கு விருந்தும் வைக்கிற பாலம் என்று இதைச் சிரித்துக்கொண்டே பாராட்டுகிறார். கோயில் நிலம் போல இங்கே பாலத்துக்கு நிலம். 1968 ஜனவரியில் மேற்குப் பக்கத்தில் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நாள்தோறும் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையின் பாரத்தைத் தாங்க வாடகை வருமானம் போதாது என்று தெளிவானதும் பாலம் போக்குவரத்து அமைச்சகத்தின் கைக்குப் போயிற்று. அறக்கட்டளை மட்டும் தொடர்ந்து நடக்கிறது. பாலம் கைவிட்டுப் போன பிறகும் பாலத்தின் பெயரால் ஊருக்கு நல்கை கொடுத்துவருகிறது.

இடைக்காலத்தில் பாலம் கட்டுவது புண்ணிய காரியம். அதனால்தான் பாலத்தின்மேலேயே ஆலயம் கட்டினார்கள். வழிப்போக்கன் ஜெபம் சொல்லிவிட்டுக் காணிக்கை போட்டுப் போவான். அது பழுதுபார்ப்புக்கு உதவும். வேக்ஃபீல்டிலும், செயின்ட் ஐவ்ஸிலும், ராதரமிலும் அப்படிப்பட்ட ஆலயங்கள் இன்னும் நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தம் அந்தக் காணிக்கைப் பெட்டியை மூடியது. 1483இல் எழுந்த ராதரம் ஆலயம் பின்னாளில் சிறையானது, புகையிலைக் கடையானது. 1924இல்தான் மறுபடி வழிபாட்டுக்கு வந்தது. பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவன் ஊரின் பாலத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சின்னக் கல் அறையும் ஆலயமாக இருந்தது என்பார்கள். அது பின்பு குடிகாரர்களை ஓரிரவு அடைத்துவைக்கும் கொட்டடியாகப் பயன்பட்டது. அதன் உச்சியில் மீன் வடிவத்தில் காற்றுக்காட்டி ஒன்று. உள்ளே ஓரிரவு கழித்தவனைப் பற்றி, மீனுக்குக் கீழே, தண்ணீருக்கு மேலே படுத்தான் என்று ஊரில் கேலி பேசுவது வழக்கம்.

காணிக்கை நின்றால் யார் செலவு செய்வது? இந்தத் தலைவலி சீர்திருத்தத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1531இல், பாலங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. ஒரு பாலத்தைப் பழுதுபார்க்கக் கடமைப்பட்டவர் இன்னார் என்று நிரூபிக்க முடிந்தால் அவர் செய்ய வேண்டும். முடியாவிட்டால் அந்த மாவட்டமே வரி போட்டுச் செய்ய வேண்டும். பாலத்தின் இரு முனையிலிருந்தும் 300 அடிவரை சாலையும் அந்தப் பொறுப்பில் சேரும். அதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றங்களில் பாலம் என்றாலே வழக்குதான். எங்கள் தாத்தா காலத்திலிருந்து அந்த மடம்தான் செய்துவந்தது, அந்தப் பிரபுதான் செய்துவந்தார் என்று முதியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஊர்நினைவு வெறும் பொழுதுபோக்காக இல்லை. நீதிமன்றத்தில் எடுபடும் ஆதாரமாக இருந்தது. கதை ஏன் காசைப் பற்றி மட்டும் கவனமாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நியூகாசில் ஊரின் பழைய டைன் பாலம் இந்தப் பங்குபிரிப்பின் உச்சம். பாலத்தின் வடக்குப் பகுதி நகரசபைக்கு; தெற்கே மூன்றிலொரு பங்கு டர்ஹம் பிஷப்புக்கு. எல்லையைக் காட்ட ஒரு நீலக்கல். 1771 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. பாலத்தின் மேலிருந்த வீடுகளும் கடைகளும் ஆற்றோடு போயின. அதில் ஒரு வீடு நாயும் பூனையும் உள்ளே உயிரோடிருக்க, முழுசாக மிதந்து ஜாரோ சதுப்புவரை சென்றதாகச் சொல்வார்கள். டைன் ஆற்றில் அந்த வெள்ளத்துக்குத் தப்பிய பாலம் மேலே கார்பிரிட்ஜ் ஊரில் 1674இல் கட்டியது ஒன்றுதான். நியூகாசிலில் மறுபடி கட்டியபோதும் நகரசபை தன் பகுதிக்கு ஒரு பொறியாளரையும் பிஷப் தன் பகுதிக்கு இன்னொருவரையும் வைத்துக்கொண்டார்கள். ஒரே ஆற்றில், ஒரே பாலத்தில், இரண்டு கணக்குப் புத்தகங்கள்.

பிசாசு கட்டிய பாலங்களும் உண்டு. கம்ப்ரியாவின் கிர்க்பி லான்ஸ்டேல், வேல்ஸின் கெரடிகியன் என்று பல இடங்களில் ஒரே கதை. ஆற்றுக்கு அப்பால் பசு சிக்கிக்கொள்ள, கிழவி தவிக்கிறாள். பிசாசு வந்து, ஓரிரவில் பாலம் கட்டித் தருகிறேன், முதலில் கடக்கும் உயிர் எனக்கு என்கிறது. கிழவி சம்மதிக்கிறாள். காலையில் ஒரு ரொட்டித் துண்டைப் பாலத்தின்மேல் வீசுகிறாள், நாய் ஓடுகிறது, பிசாசு ஏமாறுகிறது. ஐரோப்பா முழுக்க உலவும் கதை இது. பேய்க்கதை என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் இதன் உள்ளே இருப்பது ஒப்பந்தம், விலை, கொடுக்காமல் தப்பிப்பது ஆகிய மூன்றுதான். 1531 சட்டத்தின்கீழ் நடந்த வழக்குகளும் அதே மூன்றைப் பற்றியவைதான். கெரடிகியனில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாலங்கள் இருக்கின்றன: இடைக்காலத்தது அடியில், 1753இல் கட்டியது நடுவில், 1901இன் இரும்புப் பாலம் மேலே. பிசாசின் கதை அடியில் இருப்பதற்கு மட்டும்.

வேல்ஸின் பாண்டிபிரித் பாலத்தின் கதையில் பிசாசு இல்லை. அதன் இடத்தில் பிணைப்பத்திரம் இருக்கிறது. 1746இல் டாஃப் ஆற்றின்மேல் பாலம் கட்ட வில்லியம் எட்வர்ட்ஸ் என்ற 27 வயது இளைஞர் ஒப்பந்தம் எடுத்தார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, கல்கட்டு வேலையைத் தானாகக் கற்றவர், தனிச்சபையொன்றின் போதகரும்கூட. 500 பவுண்டு கூலி. ஏழு ஆண்டு பாலம் நிற்கும் என்று உத்தரவாதம். மூன்று வளைவுகளோடு அழகாகக் கட்டி முடித்தார். இரண்டு ஆண்டு கழித்து வந்த வெள்ளத்தில், அடித்துவந்த மரங்கள் தூண்களில் சிக்கி அணைபோல் நீரைத் தேக்க, பாலம் போய்விட்டது. ஏழு ஆண்டு முடியவில்லை. பத்திரத்தில் எழுதியபடி தன் செலவில் மறுபடி கட்ட வேண்டும்.

தூண் இருந்தால்தானே மரம் சிக்கும்? ஆற்றுக்குள் தூணே வேண்டாம் என்று 140 அடிக்கு ஒற்றை வளைவாக எட்வர்ட்ஸ் திட்டமிட்டார். அதுவும் முடிவதற்குள் சரிந்தது. மறுபடி முயன்றார். இம்முறை கோளாறு வெள்ளத்தில் இல்லை, எடையில். வளைவின் இருபக்கத் தோள்களில் நிரப்பிய கல்லின் பாரம் அழுத்த, நடு உச்சி மேல்நோக்கிப் பிதுங்கி உடைந்தது. நான்காம் முறை தோள்களின் எடையைக் குறைக்க ஒரு வழி கண்டார். ஒவ்வொரு தோளிலும் குழாய்போல் மூன்று வட்டத் துளைகள். பெரியது 9 அடி விட்டம், அடுத்தது 6, கடைசி 3. 1756இல் முடிந்த அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு பிரிட்டனின் மிக நீண்ட ஒற்றை வளைவாக அது இருந்தது. ஓவியர் டர்னர் வந்து வரைந்தார்.

ஆனால் வண்டிக்காரர்கள் யாரும் பாராட்டவில்லை. வளைவு அவ்வளவு உயரம், ஏற்றம் அவ்வளவு செங்குத்து. ஏறுவதற்குக் குதிரை திணறும். இறங்கும்போது வண்டி குதிரைமேல் பாயாமல் இருக்கச் சங்கிலி கட்டித் தடுக்க வேண்டும். கடைசியில் 1857இல் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் விக்டோரியா பாலம் என்று தட்டையான ஒன்றைக் கட்டினார்கள். இன்று பழைய பாலத்தைப் படமெடுக்க நினைப்பவர்களுக்குப் புதியது குறுக்கே நிற்கிறது. இந்த ஊரில் எட்வர்ட்ஸின் நினைவு மங்கவில்லை. மேதை என்று சொல்வதோடு, மூன்று முறை விழுந்தும் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டுக் கட்டி முடித்தவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். 2020 பிப்ரவரியில் டெனிஸ் புயல் டாஃப் ஆற்றைக் கரைபுரளச் செய்து ஊரை மூழ்கடித்தபோதும் அந்த வளைவு அசையவில்லை.

சுங்கம் வசூலித்த பாலங்களின் நினைவில் கசப்பு அதிகம். ஷ்ராப்ஷயரில் செவர்ன் ஆற்றின்மேல் மூன்றாம் ஏப்ரகாம் டார்பி எழுப்பி, 1781 புத்தாண்டு நாளில் திறந்த இரும்புப் பாலத்தைத் தொழிற்புரட்சியின் அடையாளமாகப் பாடநூல்கள் கொண்டாடும். 1795 பெருவெள்ளத்தில் அந்த ஆற்றில் சேதமில்லாமல் நின்ற பாலம் அது. ஆனால் சுங்கச்சாவடி வீட்டில் இன்றும் தொங்கும் கட்டணப் பலகையைப் படித்தால், முதலீடு போட்டவர்களின் குரல் கேட்கும். படைவீரன் பணியில் இருந்தாலும் கட்ட வேண்டும், தபால் வண்டியும் கட்ட வேண்டும், அரச குடும்பமே வந்தாலும் விலக்கில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. நடந்துபோகிறவனிடம்கூட 1950வரை வாங்கினார்கள். வேல்ஸையும் இங்கிலாந்தையும் இணைக்கும் செவர்ன் பெரும்பாலங்களில் மேற்கே போகும் வண்டிகளுக்கு மட்டும் சுங்கம் இருந்த காலத்தில், எங்கள் நாட்டுக்குள் நுழைய வரியா என்று வேல்ஸ்காரர்கள் குமைந்தார்கள். 2018 டிசம்பரில்தான் அது நின்றது.

காசைவிடப் பெரிய விலை கொடுத்த ஊர்களில் நினைவு வேறுவிதமாக நடந்துகொள்கிறது. கிரேட் யார்மத்தில் 1845 மே 2ஆம் தேதி, சர்க்கஸ் கோமாளி ஒருவர் சலவைத் தொட்டியில் உட்கார்ந்து நான்கு வாத்துகள் இழுக்க ஆற்றில் வருவார் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பார்க்கக் கூட்டம் தொங்குபாலத்தில் ஏறியது. தொட்டி நெருங்கியதும் எல்லோரும் ஒரே பக்கம் சாய, பற்றவைப்பில் குறையிருந்த இரும்புக் கம்பி ஒன்று அறுந்தது. 79 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். 1879 டிசம்பர் 28 இரவு டண்டீயில் டே ஆற்றுப் பாலம் புயலில் சரிந்து, ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஆற்றிலிருந்து எடுத்த அந்த ரயில் என்ஜினைப் பழுதுபார்த்துப் பல்லாண்டு ஓட்டினார்கள். அதற்கு 'முக்குளிப்பான்' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுக்கல் டே ஆற்றங்கரையில் எழுந்தது 2013இல். யார்மத்திலும் பாலம் இருந்த இடத்தில் நினைவுக்கல் வந்தது அதே 2013இல்தான். என்ஜினைக் காப்பாற்றிய வேகத்தில் பெயர்களைக் காப்பாற்றவில்லை என்று சொன்னால் கடுமையாக இருக்கும், பொய்யாக இருக்காது.

ஸ்காட்லாந்தின் அயர் ஊர் மட்டும் ஒரு கவிஞனின் சொல்லுக்குக் காசு கொடுத்துப் பாலத்தை மீட்டது. பழைய பாலத்தின் பக்கத்தில் புதியது எழுந்துகொண்டிருந்தபோது ராபர்ட் பர்ன்ஸ் இரண்டும் சண்டை போடுவதாக ஒரு கவிதை எழுதினார். நீ கற்குவியலான பிறகும் நான் பாலமாக இருப்பேன் என்கிறது அதில் கிழப்பாலம். 1877 வெள்ளத்தில் புதிய பாலம் நொறுங்க, இடித்துவிட்டு வேறு கட்டினார்கள். முப்பது ஆண்டு கழித்துக் கிழப்பாலமும் ஆட்டம் கண்டபோது, முன்னாள் பிரதமர் ரோஸ்பரி பிரபு பர்ன்ஸின் பெயரைச் சொல்லிப் பொதுமக்களிடம் பணம் கேட்டார். 1910இல் பாலம் செப்பனிட்டுத் திறக்கப்பட்டது. இன்றும் ஆட்கள் நடந்து போகிறார்கள்.

பாலங்கள் மாவட்ட அரசுகளின் பொறுப்பில் வந்து, செலவு வரிக்குள் மறைந்துபோன பின்பு, தன் பாலத்துக்கு யார் காசு கொடுக்கிறார் என்று ஊருக்குத் தெரியாமல் போயிற்று. விழுந்தால்தான் தெரிகிறது. யார்க்ஷயரின் டாட்காஸ்டரில் வார்ஃப் ஆற்றின்மேல் ஏறத்தாழ 1700இல் கட்டிய பாலம், 2015 டிசம்பர் 29 அன்று வெள்ளத்தில் பாதி சரிந்தது. ஊர் இரண்டாகப் பிளந்தது. வீடு ஒரு கரை, வேலை மறுகரை என்றிருந்தவர்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. நடந்து கடக்கக் கைகொடுத்தது, 1840களின் ரயில் முதலீட்டு வெறியில் கட்டி, திட்டமிட்ட பாதை வராமலே நின்றுபோன பழைய ரயில் பாலம். ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுக்கு முன் யாரோ தொலைத்த பணம் ஊரைச் சேர்த்துவைத்தது. சாலைப் பாலம் மறுபடி திறந்தது 2017 பிப்ரவரியில்.

கடைசியாக லண்டன். பாதிரியார் பீட்டர் 1176இல் தொடங்கி, 1209இல் முடிந்த பழைய லண்டன் பாலத்தைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதெல்லாம் ஈட்டியில் செருகி வைத்த துரோகிகளின் தலைகளைப் பற்றி. 1381 முதல் கிடைக்கும் பாலக் கணக்குகளில் காண்பது வேறு உலகம்: தூண்களைச் சுற்றி அறைந்த எல்ம் மரக் கழிகள், கல், சுண்ணாம்பு, நீர் வற்றிய நேரம் மட்டும் வேலை செய்த கூலியாட்களின் ஊதியம். பாலத்தின்மேல் இருந்த வீடுகளின் வாடகையும் மக்கள் எழுதிவைத்த சொத்துகளும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை உருவானது. பாலம் 1831இல் இடிக்கப்பட்டது, அறக்கட்டளை இருக்கிறது. வரிப்பணம் ஒரு பென்னிகூட வாங்காமல் டவர் பாலம் உட்பட ஐந்து பாலங்களை அது இன்று பராமரிக்கிறது. மிஞ்சும் வருமானத்தில் 1995 முதல் நகரின் தொண்டு அமைப்புகளுக்கு நல்கையும் தருகிறது.

அதே தேம்ஸ் ஆற்றில் சில மைல் மேலே, ஜோசப் பேசல்ஜெட் வடிவமைத்து 1887இல் திறந்த ஹாமர்ஸ்மித் தொங்குபாலம். அதன் வார்ப்பிரும்புப் பீடங்களில் விரிசல் கண்டு 2019 ஏப்ரலில் வண்டிகளை நிறுத்தினார்கள். முழுதாகச் சரிசெய்ய 250 மில்லியன் பவுண்டு ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அந்த ஐந்து பாலங்களைப் போல இதற்கென்று எழுதிவைத்த நிலமோ வாடகையோ இல்லை. உள்ளூராட்சி, லண்டன் போக்குவரத்து நிர்வாகம், மத்திய அரசு மூன்றும் பங்கைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தன. 2021 ஜூலையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டும் மறுபடி திறந்தார்கள். 2019க்குப் பிறகு அதன்மேல் ஒரு பேருந்தும் ஓடவில்லை.